கண்டாக்குக்குப் பூசணிக்காய் பிடிக்காது

கெரட் துண்டு ஒன்று கூண்டுக் கம்பிகளுக்கு நடுவால் பறந்து வந்து, சரியாக என் வீட்டுக்காரரின் தேத்தண்ணிக் கோப்பைக்குள் விழுந்தது.

அவர் கோப்பையைப் பார்த்தார். கூண்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கூண்டுக்குள் நீலக் கிளி கழுத்தைச் சாய்த்துக்கொண்டு அடுத்து எறிய என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தது.

"இந்தா புள்ள, ஒன் கண்டாக்கு என் தேத்தண்ணிக்குள்ள கறி சமைக்கிறாரு."

"பேசாம இருங்க. நேத்து தட்டோட கவுத்துச்சு. இன்னைக்கு கெரட்ட வாயில வச்சிருக்கு. அதுவே பெரிய விசயம்."

"வாயில வச்சுச்சா? எறிஞ்சில்ல போட்டுச்சு!"

"வாயில வச்சுத்தானே எறிஞ்சிச்சு!"

மார்கழிக் குளிர். கந்தப்பளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், வெயில் வந்த பிறகும் வாயைத் திறந்தால் புகை போகும். விரல் விறைக்க விறைக்க நான் சீவி, அவித்து, ஆறவைத்துக் கொண்டுவந்த சாப்பாடு அது. பூசணிக்காய், கெரட், முளைகட்டிய பயறு, அரைவேக்காட்டில் சிவப்பரிசி. அத்தனையும் இஸ்தோப்பு முழுக்கச் சிதறிக் கிடந்தது. லயத்து வீட்டின் முன் தாழ்வாரத்தை நாங்கள் இஸ்தோப்பு என்போம். அன்றைக்கு அதைக் கூட்டிப் பெருக்கும்போது எனக்கு வந்த கோபத்தில் கூண்டுக் கதவைத் திறந்துவிட்டு "போய்த் தொலைங்க" என்று சொல்லியிருப்பேன். சொல்லவில்லை. காரணம் இருந்தது.

போன வாரம் இதே பத்தியில், காற்றில் கூரைத் தகரம் பறந்த கதையை எழுதினேன் அல்லவா? அதை வாசித்த ஒரு அம்மா ஹட்டன் பஸ்ஸில் என்னைப் பிடித்துக்கொண்டார். "தகரம் கெடக்கட்டுங்க. அந்தக் கதையில ஒரு கிளிக்கூடு வந்துச்சே, அந்தக் கிளிங்களுக்கு என்னாச்சு?" என்றார். அவருக்காகத்தான் இந்த வாரம். அம்மா, தகரத்தால் கிளிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆபத்து கூரை வழியாக வரவில்லை, வாய் வழியாக வந்தது.

லியோவும் பேர்லும்

கிளிகள் என்னுடையவை அல்ல. என் மகள் சுமதியுடையவை. எனக்கு ஒரே பிள்ளை. கொழும்பில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. போர்டிங்கில் தனி அறை. தனியாக இருக்கிறாளே என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது அவள் ஜோடியாக இரண்டு கிளிகளை வாங்கி வைத்துக்கொண்டாள். ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். காட்டில் பிடித்தவை அல்ல, கூண்டிலேயே பொரித்து வளர்ந்தவை.

போர்டிங் வீட்டுக்கார நோனாவுக்குக் கிளிச் சத்தம் ஒத்துவரவில்லை. சுமதி தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது கூண்டையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"தைப்பொங்கல் வரைக்கும் பாத்துக்கம்மா. வத்தளையில சிநேகிதி ஒருத்தியோட சேந்து மாடி வீடு ஒன்னு எடுக்கிறேன். பொங்கலுக்கு வந்து கூட்டிட்டுப் போயிருவேன். நீலம் லியோ. மஞ்சள் பேர்ல்."

எங்கள் லயத்தில் லியோவும் பேர்லும் ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை. நீலக் கிளி விடிந்ததும் கம்பியில் ஏறி நின்று, மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவர்களையெல்லாம் பார்த்து "ஏய்! ஏய்!" என்று கத்தியது. தோட்டத்தில் அப்படிக் கத்துகிறவர் ஒருவர்தான், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா. ஆகவே அது கண்டாக்கு ஆயிற்று. மஞ்சள் வாயே திறக்காது, ஆளை முறைத்துப் பார்க்கும். அது டீச்சரம்மா.

சுமதி பஸ் ஏறும்போது கூண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா, இதுங்க ரெண்டுந்தான் நான் வீட்டுக்கு வந்தா என்னைப் பாத்து சத்தம் போடுறதுங்க" என்றாள். அந்தச் சொல் என் நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றது.

பங்களாக் கிளி

நான் சிறு பிள்ளையாக இருந்தபோது எங்கள் பழைய தோட்டத்துப் பெரிய பங்களாவில் ஒரு கிளி இருந்தது. அதற்கு பங்களா சமையல்காரர் தனியாகச் சமைப்பார். பழத்தைத் தோல் சீவி, பட்டாணியை அவித்து, முட்டையை மசித்து, பீங்கான் தட்டில் வைத்துக் கொண்டுபோவார். நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வாய் பார்ப்போம்.

எங்கள் வீட்டில் முட்டை ஒன்றை நாலாக வெட்டிய காலம் அது. எனக்கு அந்தக் கிளி மேல் பொறாமையாக இருந்தது, வெட்கப்படாமல் சொல்கிறேன். பெரியவள் ஆனதும் நான் ஒருநாளும் ஒரு கிளிக்குச் சேவகம் செய்ய மாட்டேன் என்று அப்போது சபதம்கூட எடுத்தேன்.

சபதம் எடுத்தவள்தான் கடைசியில் நகவெட்டியால் போஞ்சிக்கு நார் எடுத்துக்கொண்டிருந்தேன். போகட்டும்.

டொக்டர் சொன்னது

கார்த்திகை மாதம் கண்டாக்கு தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்க ஆரம்பித்தது. கூண்டின் அடியில் நீல இறகாகக் கொட்டிக் கிடக்கும். ஓய்ந்து உட்காராது. ஒரு நிமிடம் மேலே, ஒரு நிமிடம் கீழே, கண்ணில் ஒரு வெறி. டீச்சரம்மாவின் சொண்டு சுண்ணாம்பு உதிர்வதுபோல் உதிர்ந்தது.

பக்கத்து வீட்டு மரியதாஸின் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போனோம். மிருக டொக்டர் சின்ன வயதுச் சிங்களப் பெண். தமிழும் கொஞ்சம் பேசுவார். கண்டாக்கைத் துவாயில் சுற்றிப் பிடித்து வயிற்றைத் தடவிப் பார்த்தவரின் முகம் மாறிவிட்டது.

"அம்மா, இவருக்கு ஈரல் வீங்கியிருக்கு. என்ன சாப்பாடு குடுக்கிறது?"

"சூரியகாந்தி வெதை. மக அதுதான் பை நெறைய வாங்கிக் குடுத்துட்டுப் போயிருக்கு."

"அது மட்டுமா? அது எண்ணெய் அம்மா, முழுக்க எண்ணெய். இப்படியே போனா இவர் பொங்கலுக்கு இருக்க மாட்டார்."

பொங்கல் என்ற சொல்லை அவர் ஏன் எடுத்தாரோ தெரியவில்லை. பொங்கலுக்குத்தான் என் பிள்ளை வருகிறாள்.

டொக்டர் பொறுமையாகச் சொன்னார். தானியம், பயறு, கீரை, மரக்கறி, கொஞ்சம் பழம், எப்போதாவது அவித்த முட்டை. தினமும் ஒரே சாமானைக் கொடுக்கக் கூடாது, மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். விதையை ஒரேயடியாக நிறுத்தாமல் சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும். உப்பு, சீனி, பிஸ்கட், சொக்லட் ஆகாது. வெங்காயம், லீக்ஸ் ஆகாது. பட்டர்புரூட் நஞ்சு, ஒரு வாய்கூட ஆகாது. கடைசியாக விரலை நீட்டி, "தே எப்பா! தேத்தண்ணி வேண்டவே வேண்டாம். குடுக்கிறதா?" என்றார்.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சீச்சீ! கிளிக்கு யாராச்சும் தேத்தண்ணி குடுப்பாங்களா, டொக்டர்?" என்றேன்.

என் வீட்டுக்காரர் அந்த நேரம் சுவரில் மாட்டியிருந்த நாய்ப் படத்தை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைக்காம்பராவில் படித்தது

என்னை லயத்தில் எல்லாரும் ஆயாம்மா என்பார்கள். என் வயதில் பாதிக்கு மேல் பிள்ளைக்காம்பராவில் போனது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பச்சைப் பிள்ளைகளை விட்டுப் போகும் அறை அது. இன்றைக்கு ஹட்டனில் கடை வைத்திருப்பவன், ஆஸ்பத்திரியில் தாதியாக இருப்பவள், எல்லாம் என் மடியில் உட்கார்ந்து கஞ்சி குடித்ததுகள்தான்.

சாப்பிடாத பிள்ளை என்று ஒன்று கிடையாது என்பது என் கட்சி. அழும் பிள்ளையிடம் "சாப்பிடு, சாப்பிடு" என்று கெஞ்சக் கூடாது. அது ஏறிக்கொள்ளும். ஆயிரம் தந்திரம் வைத்திருந்தேன். என்னிடம் தோற்காத பிள்ளை ஒன்றே ஒன்றுதான். சுமதி.

ஊர்ப் பிள்ளைகளெல்லாம் கிண்ணத்தை வழித்து நக்க, ஆயாம்மா பெற்ற பிள்ளை கன்னத்துக்குள் சோற்றை அடக்கிக்கொண்டு மணிக்கணக்காக மூலையில் உட்கார்ந்திருக்கும். எனக்கு மானம் போகும். வளர்ந்த பிறகும் அதே கதைதான்.

"சாப்பிட்டியாடி?"

"சாப்பிட்டேம்மா."

"என்னா சாப்பிட்ட?"

"ஏதோ."

இந்த "ஏதோ" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குத் தலை சூடாகிவிடும். ஏதோ என்றால் பேக்கரி பணிஸ் என்று அர்த்தம். ஏதோ என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

சரி, பிள்ளையிடம் தோற்றேன், கிளியிடமும் தோற்பதா என்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன்.

பாசிப்பயறை ஊறவைத்து ஈரத்துணியில் கட்டி, அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கவிடுவேன். எங்கள் குளிருக்கு அப்படிச் சூடு காட்டினால்தான் முளை எட்டிப் பார்க்கும். சிவப்பரிசியையும் குரக்கனையும் தனித்தனியாக வேகவைப்பேன். சோளம் கதிரோடு அவியும். பூசணிக்காயைத் தோலும் விதையுமாக ஆவியில் வேகவிடுவேன். கெரட்டைத் துருவி, அதன் இலையையும் கிள்ளிப் போடுவேன். பொன்னாங்காணி ஒரு நாள், வல்லாரை ஒரு நாள். முருங்கை இந்த உயரத்தில் வளராது, மரியதாஸ் கீழ்நாட்டுக்கு ஓட்டம் போனால் ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு வருவான். கொய்யா, பப்பாசி, அவித்த பீட்ரூட். பீட்ரூட் தின்றால் எச்சம் சிவப்பாக வரும் என்று தெரியாமல் நான் ஒருநாள் கூச்சல் போட்டு லயத்தையே கூட்டிவிட்டேன். அன்றைக்கு டீச்சரம்மா ஒரே ஒரு கடி கடித்திருந்தது, அவ்வளவுதான்.

மற்றபடி தோல்விதான். போஞ்சியை மாலையாகக் கோத்துத் தொங்கவிட்டேன். அறுத்துக் கீழே போட்டன. சோளக்கதிரை ஆணியில் குத்தி வைத்தேன். அதன் மேல் ஏறி நின்று கத்தின. பூசணிக்காயைக் கண்டால் கண்டாக்குக்கு ஒரு தனி வெறுப்பு. சொண்டில் எடுத்து, குறி பார்த்து, என் மேலேயே எறியும்.

நாலு மணிக் கூட்டம்

ஆனால் ஒரு விசயம் எனக்கு இடித்தது. விதையைக் குறைத்தாயிற்று. மரக்கறியைத் தொடுவதில்லை. அப்படியானால் மெலிய வேண்டுமே? மெலியவில்லை. கத்தல் கூடியது. இறகு பிடுங்குவதும் கூடியது. இதுகள் காற்றைக் குடித்தா வாழ்கின்றன?

ஒருநாள் பின்னேரம் கடைக்குப் போனேன். கடை பூட்டிக் கிடந்ததால் போன வேகத்திலேயே திரும்பி வந்தேன். கொழுந்து நிறுத்துவிட்டு எல்லாரும் வீடு திரும்பும் நேரம். லயத்து முடக்கில் திரும்பியதும் நின்றுவிட்டேன்.

என் வீட்டு இஸ்தோப்பில் கூட்டம். கூண்டுக்கு முன்னால் பக்கத்து வீட்டுப் பாக்கியம் நின்றிருந்தாள். கூடையைக்கூட இன்னும் இறக்கி வைக்கவில்லை. கையில் ரொட்டித் துண்டு. அதை ஒரு கோப்பைக்குள் தோய்த்துக் கம்பி வழியாக நீட்ட, கண்டாக்கு கண்ணை மூடிக்கொண்டு சப்பிச் சப்பித் தின்கிறது. அவளுக்குப் பின்னால் மரியதாஸ், கையில் கிரீம் கிரேக்கர். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தேத்தண்ணிக் கேத்தலோடு வந்தவர்களை உபசரித்துக்கொண்டிருந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? என் வீட்டுக்காரர் ராமையாதான்!

"என்னாங்க இது?" என்றேன்.

கேத்தல் மூடி கீழே விழுந்து உருண்டது.

"எத்தன நாளா நடக்குது இந்தக் கச்சேரி?"

கூண்டுக்குள்ளிருந்து கண்டாக்கு மட்டும் தெளிவாகக் கேட்டது: "தேத்தண்ணி குடிச்சாச்சா?"

எங்கள் லயத்தில் ஒருவரை ஒருவர் கண்டால் முதலில் கேட்பது அதுதான். கிளி அதைப் பிடித்துக்கொண்டது.

"இப்படித்தான் ஆயாம்மா" என்றாள் பாக்கியம். "போகையில வரையில கேக்குது. கேட்ட உசுருக்கு ஒரு சொட்டு குடுக்காம தாண்டிப் போக மனசு வருதா? வாசலுக்கு வந்தவங்கள வெறும் வாயோட நம்ம அனுப்புவோமா?"

அவள் சொன்னது பொய்யில்லை. எங்கள் வீடுகளில் அரிசி இல்லாத நாள் இருந்திருக்கிறது. வந்தவருக்குத் தேத்தண்ணி இல்லாத நாள் இருந்ததில்லை. சீனி இல்லாவிட்டால் உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டி, அதுவும் இல்லாவிட்டால் வெறும் சாயம். தபால்காரர், கடன் கேட்டு வருகிறவர், வோட்டுக் கேட்டு வருகிறவர், எல்லாருக்கும் கோப்பை நீளும். கிளிக்கும் நீண்டிருக்கிறது.

"காலைல நான் குடிக்கையில கொஞ்சம், அவ்வளவுதான்" என்றார் வீட்டுக்காரர். "அது பாத்துக்கிட்டே இருக்கையில எப்படி புள்ள முழுங்கிறது?"

"அவ்வளவுதானா? காலைல நீங்க, பெரட்டுக்குப் பேர் குடுக்கப் போகையில பாக்கியம், பகல்ல ஒருத்தர், நாலு மணிக்கு ஊரே!"

மரியதாஸ் சமாதானமாக, "கோவிச்சுக்காதீங்க ஆயாம்மா. இனி தேத்தண்ணி வேணாம். எங்க வீட்டு மரத்துல பட்டர்புரூட் பழுத்திருக்கு. நாளைக்கு சீனி போட்டுப் பெசஞ்சு கொண்டாறேன்" என்றான்.

அப்போதுதான் நான் உடைந்தேன். "அது வெசம்டா! ஒரு வாய் குடுத்தாலும் செத்துப் போகும்! டொக்டர் சொல்லிட்டாங்க, இந்தத் தேத்தண்ணியும் உப்பு ரொட்டியும் அதோட ஈரலத் திங்குது. எம் புள்ள பொங்கலுக்கு வருவா. வந்து, எங்கம்மா என் கிளின்னு கேட்டா நான் என்னாத்த காட்டுறது? வெறுங்கூண்டையா?"

பாக்கியத்தின் கண் கலங்கிவிட்டது. "நம்ம பறிக்கிற கொழுந்துதானே ஆயாம்மா. அதுலதானே நம்ம சோறு திங்கிறோம். அது எப்படி வெசமாகும்?"

எனக்குக் கோபம் இறங்கிவிட்டது. "நமக்கு இல்லடி. அதோட ஒடம்பப் பாரு, ஒரு கைப்பிடி. நமக்கு ஒரு மடக்கு, அதுக்கு ஒரு வாளி" என்றேன்.

ஒவ்வொருவராகக் கோப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு போனார்கள். ஊரையே திட்டிவிட்டேன் என்று எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஆனாலும் டொக்டரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன பொய்யை நினைத்தால் என் வீட்டுக்காரரை மட்டும் இன்னும் இரண்டு திட்டுத் திட்டலாம் என்று தோன்றியது. திட்டினேன்.

பந்தி

தேத்தண்ணி நின்றது. அதோடு சாப்பாடும் நின்றது. கண்டாக்கு உடம்பை உப்பவைத்துக்கொண்டு ஒரு மூலையில் குந்திவிட்டது. "ஏய்" இல்லை. டீச்சரம்மா முறைப்பதைக்கூட விட்டுவிட்டது. லயமே இழவு வீடு போல் அமைதியாக இருந்தது. மலைக்குப் போகிறவர்கள் கூண்டைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

பயந்துபோய் டொக்டருக்குப் போன் எடுத்தேன்.

"பட்டினி போட வேண்டாம் அம்மா, கொஞ்சம் விதை குடுங்க. ஆனா ஒன்னு. கிளி கூட்டத்தோட தின்னுற பறவை. கூட்டம் எதைத் தின்னுதோ, அதைத்தான் சாப்பாடுன்னு நம்பும்."

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் எது? நாங்கள்தான். இத்தனை நாளும் அந்த இரண்டும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன. இந்தக் கூட்டம் விடிந்தால் கோப்பை, பொழுது சாய்ந்தால் கோப்பை, நடுவில் ரொட்டி. பூசணிக்காயை ஒருத்தரும் தொடவில்லை. எறியாமல் என்ன செய்யும்?

பிள்ளைக்காம்பராவில் நான் தினமும் செய்தது இதுதானே! ஒரு பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து ஊட்டினால் துப்பும். வட்டமாகப் பாய் போட்டுப் பத்துப் பிள்ளையை உட்காரவைத்தால், பக்கத்துக் கிண்ணத்தைப் பார்த்துப் பார்த்தே தன் கிண்ணத்தைக் காலி பண்ணும்.

அன்றைக்கு நாலு மணிக்கு வாசலில் நின்று கத்தினேன். "எல்லாரும் ஆளுக்கொரு தட்டோட வாங்க! தேத்தண்ணிய வீட்டுக்குள்ள குடிச்சிட்டு வாங்க!"

வந்தார்கள். குற்ற உணர்ச்சியிலோ என்னவோ, நான் திட்டிய அத்தனை பேரும் வந்தார்கள். கூண்டைச் சுற்றிப் பாய் விரித்து, ஆளுக்கொரு அகப்பை அவித்த பூசணிக்காய், பயறு, சிவப்பரிசி, கெரட் வைத்தேன்.

என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "உப்பு?"

"இல்ல."

"தேங்காப்பூ?"

"இல்ல."

"இது கிளிக்கா, இல்ல எனக்குத் தண்டனையா?"

"ரெண்டுந்தான். ஒங்களுக்கு இருக்கிற சீனி வருத்தத்துக்கும் இதுதான் மருந்து. முழுங்குங்க."

பாக்கியம் சிரிப்பை அடக்க முடியாமல் பயறைத் துப்பிவிட்டாள். மரியதாஸ், "ஆஸ்பத்திரியில படுத்தாத்தான் இப்படிச் சோறு கெடைக்கும்" என்றான். நான் அவர்களை முறைத்தேன். பிள்ளைகளிடம் சொல்வதுபோல், "அடடா, என்னா ருசி! பாக்கியம், ஒனக்கு இன்னும் கொஞ்சம்?" என்று பாட ஆரம்பித்தேன். நாற்பது தாண்டியவள், "ஆமா ஆயாம்மா, இன்னும் கொஞ்சம்" என்று தட்டை நீட்டினாள். கிளிகள் அசையவில்லை.

மறுநாளும் அசையவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஆனால் கூட்டம் மட்டும் வந்துகொண்டேயிருந்தது. வேலைக் கதை, வீட்டுக் கதை, கண்டாக்கு ஐயாவைப் பற்றிய கதை என்று பந்தி நீண்டது. அசல் கண்டாக்கு ஐயாவே ஒருநாள் அந்தப் பக்கம் வந்து, "இங்க என்ன கூட்டம்?" என்று கேட்டார். அவர் கையிலும் ஒரு தட்டைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டோம். தன் பெயரைக் கிளிக்கு வைத்தது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, பேசாமல் தின்றுவிட்டுப் போனார்.

வழி திறந்தது என் வீட்டுக்காரரால்தான். உப்பில்லாத பூசணிக்காய் இறங்காமல், அவர் ஒரு பச்சைக் கொச்சிக்காயைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டார். உறைப்பில் மூக்கு ஒழுக, "ஸ்ஸ்... ஆ..." என்று அவர் தலையை ஆட்டிய ஆட்டலில் கண்டாக்கு ஓர் அடி முன்னால் வந்தது. கழுத்தை நீட்டியது. அவர் கொச்சிக்காயைக் கம்பிக்குப் பக்கத்தில் பிடித்தார். சட்டென்று பறித்துக்கொண்டு, காலால் பிடித்துக் கிழித்து, விதை விதையாகத் தின்றது.

"அடி ஆத்தி, உறைக்கலையா அதுக்கு?" என்றாள் பாக்கியம்.

உறைக்காதாம், டொக்டர் பிறகு சொன்னார். வீட்டுக்காரர் மெதுவாக அடுத்த கொச்சிக்காயைப் பூசணிக்காயில் புரட்டி நீட்டினார். அதையும் எடுத்தது. சொண்டெல்லாம் மஞ்சள். நாக்கைச் சுழற்றியது. ஒரு கணம் யோசித்தது. பிறகு தட்டுக்கு இறங்கிப் பூசணித் துண்டைத் தானாகவே எடுத்தது. எறியப்போகிறது என்று நான் முகத்தை மறைத்துக்கொண்டேன். எறியவில்லை. தின்றது.

டீச்சரம்மா அதை முறைத்துப் பார்த்தது. பிறகு அதுவும் இறங்கிவந்தது.

பாக்கியம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மரியதாஸ் விசிலடித்தான். என் வீட்டுக்காரர் உறைப்பில் வந்த கண்ணீரா மற்றக் கண்ணீரா என்று சொல்ல முடியாத கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு இன்னும் கொஞ்சம் பூசணிக்கா போடு புள்ள" என்றார்.

பொங்கலுக்குப் பிறகு

பொங்கலுக்கு முன்னால் டொக்டர் மறுபடி வயிற்றைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். வீக்கம் வடிந்திருந்தது. கண்டாக்கின் நெஞ்சில் ஊசி ஊசியாகப் புது நீல இறகு முளைத்திருந்தது.

சுமதி வந்தாள். கூண்டைப் பார்த்துவிட்டு, "அம்மா, எப்படிம்மா இப்படிப் பளபளன்னு இருக்குதுங்க!" என்று துள்ளினாள். நான் அவளைப் பார்த்தேன். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. சட்டை யாருடையதோ போல் தொங்கியது. பொங்கலை மூன்று வாய் தின்றுவிட்டு, "போதும்மா" என்று தட்டைத் தள்ளினாள். கிளிகள் இரண்டும் தங்கள் தட்டைக் காலி பண்ணின.

சொன்னபடி கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இஸ்தோப்பில் கூண்டு தொங்கிய ஆணி மட்டும் மிஞ்சியது. அன்றைக்கு நாலு மணிக்குப் பாக்கியமும் மரியதாஸும் பழக்கத்தில் தட்டோடு வந்து நின்றார்கள். நான் அழுதேன். பிறகு அவித்து வைத்திருந்ததைப் பரிமாறினேன்.

அடுத்த நாளே போன் வந்தது.

"அம்மா, ரெண்டும் எதையும் தொட மாட்டேங்குது. நீ சொன்ன மாதிரியேதான் அவிச்சு வச்சேன்."

"நீ எங்க இருந்த?"

"நான் ஆபீசுக்கு ரெடியாயிட்டு இருந்தேன்."

"நீ என்னா சாப்பிட்ட?"

"ஏதோ."

எனக்குத் தலை சூடாகவில்லை. முதல் தடவையாக அந்த "ஏதோ" எனக்கு இனித்தது. அவளைப் பிடிக்க இத்தனை வருடம் கிடைக்காத கயிறு இப்போது என் கையில் இருந்தது.

"அதுங்க தனியா திங்காதுடி. பக்கத்துல உக்காந்து, அதே சாப்பாட்ட, அதே நேரத்துல நீயும் திங்கணும். சும்மா வாயில வச்சிட்டு நடிச்சா கண்டாக்குக்குத் தெரிஞ்சிரும். தட்டு காலியாகணும். இல்லாட்டி ஈரல் மறுபடி வீங்கிரும், நான் சொல்லிட்டேன்."

"அம்மா, எனக்குப் பூசணிக்கா பிடிக்காதே..."

"அதுக்கும்தான் பிடிக்காது."

மறுநாள் விடிந்ததும், பெரட்டுக்குப் போகும் முன்னால், அவளே வீடியோ அழைப்பு எடுத்தாள். கூட்டம் தெரிந்தால் கிளிகள் தின்னும் என்றாள். மரியதாஸ் போனை அந்த ஆணியில் கட்டித் தொங்கவிட்டான். தலைத்துண்டு கட்டிக்கொண்டு மலைக்குப் புறப்பட்ட பாக்கியமும் ஒரு தட்டோடு வந்து உட்கார்ந்தாள். எங்கள் பக்கம் மூடுபனி. அந்தப் பக்கம் வத்தளை வெயில். திரையில் கூண்டு தெரிந்தது. கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் சுமதி, மடியில் தட்டு.

"ஏய்!" என்றது கண்டாக்கு எங்களைப் பார்த்து. "தேத்தண்ணி குடிச்சாச்சா?"

லயமே சிரித்தது. சுமதியும் சிரித்துக்கொண்டே பூசணிக்காய் ஒரு வாய் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள். விழுங்கினாள். கண்டாக்கு ஒரு துண்டு எடுத்தது. அவள் இன்னொரு வாய் வைத்தாள்.

பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று பாக்கியம் எழுந்தாள். நானும் போனை எடுக்கக் கை நீட்டினேன். "கிளிங்கதான் தின்னுட்டுதுங்களே, வச்சிரவா?" என்றேன்.

என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் கண் திரையை விட்டு அகலவில்லை.

"இரு புள்ள" என்றார். "நம்ம புள்ள இன்னும் சாப்பிடுது."